கருவூலம் எழுதும் மொய்

பிரிட்டன் நிதியமைச்சரின் மேலான கவனத்துக்கு,

2015 ஏப்ரல் முதல் தாங்கள் தம்பதிகளுக்கு ஆண்டுதோறும் எழுதிவரும் ‘திருமணச் சலுகை’ என்ற மொய் பற்றியது இக்கடிதம். வருமானம் 12,570 பவுண்டுக்குள் இருப்பவர், தம் வரிவிலக்கில் 1,260 பவுண்டைத் துணைக்கு மாற்றித் தரலாம். துணையின் வரியில் 252 பவுண்டு குறையும். வாரத்துக்கு ஐந்து பவுண்டு தேறாது. தொகை சிறிது என்பதல்ல என் புகார். மொய்க் கவரைச் சபையில் பிரித்துப் பார்ப்பது மரியாதையில்லை. கல்யாணமானவர்கள் ஒருவரா, இருவரா? அதில்தான் தங்கள் கணக்கர்களுக்கே தெளிவு காணோம்.

யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகை கேட்டு வரும் தம்பதியின் வருமானத்தையும் சேமிப்பையும் ஒரே உலையில் போடுகிறீர்கள். சேமிப்பு இருவருக்குமாக 16,000 பவுண்டைத் தாண்டினால் கதவடைப்பு. அங்கே ஈருடல் ஓருயிர். குழந்தை உதவித்தொகையிலோ, ஆளுக்கு 59,000 பவுண்டு ஈட்டும் இருவர் முழுத்தொகையையும் வைத்துக்கொள்ளலாம்; ஒருவர் மட்டும் 80,000 ஈட்டி மற்றவர் வீட்டோடு இருந்தால் உதவித்தொகை அத்தனையும் வரியாகத் திரும்பிவிடும். அங்கே நீ யாரோ நான் யாரோ. திருமணச் சலுகையில் மட்டும் பத்தில் ஒரு பங்கு தம்பதி, மீதி ஒன்பது பங்கு அந்நியர். எந்தப் புரோகிதரும் இப்படி ஒரு முடிச்சுப் போட்டதில்லை.

முழு விலக்கையும் துணைக்கு மாற்றவிட்டால் என்ன என்று கேட்டால், பெண்கள் வீட்டிலேயே தங்கிவிடுவார்கள் என்று தங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். எளிதில் தள்ள முடியாத வாதம். 1990 வரை மனைவியின் வருமானத்தைக் கணவனுடையதாகவே எண்ணிய சட்டத்திலிருந்து மீண்ட நாடு இது. ஆனால் அந்த அக்கறை யூனிவர்சல் கிரெடிட் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லையே! உதவித்தொகை வெட்டப்படாமல் குடும்பம் ஈட்டக்கூடிய வரம்பு கணவனின் சம்பளத்திலேயே தீர்ந்துபோன வீட்டில் மனைவியும் வேலைக்குப் போனால், அவள் கைக்கு வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவித்தொகையில் 55 பென்ஸ் வெட்டுகிறீர்கள். அவளை வீட்டில் உட்கார வைப்பது 252 பவுண்டா, அந்தக் கத்தரிக்கோலா?

செலவு தாங்காது என்பது அடுத்த பதில். சரி, செலவில்லாததைக் கேட்கிறேன். 12,000 பவுண்டு ஈட்டும் மனைவிக்கு மீதமிருப்பது 570 பவுண்டு விலக்குதான். அதை மட்டும் தர விதி இடம் தருவதில்லை. 1,260-ஐயும் தந்தாக வேண்டும். தந்தால் அவள் 138 பவுண்டு வரி கட்ட நேரும், கணவனுக்கு 252 மிச்சம். வீட்டுக்கு நிகரம் 114. மீந்த 570-ஐ மட்டும் மாற்றவிட்டாலும் அதே 114-தான். கருவூலத்துக்கு ஒரு பென்னி நட்டமில்லை; வரியே இல்லாதிருந்தவளுக்குப் புதிதாக ஒரு வரிச் சீட்டு அனுப்பும் இன்பம் மட்டும் தங்களுக்குப் போய்விடும்.

இன்னொன்று. இங்கிலாந்தில் கணவனின் வருமானம் 50,270 பவுண்டுக்கு மேல் ஒரு பவுண்டு ஏறினால் சலுகை முழுதும் போய்விடுகிறது. அந்த ஒற்றைப் பவுண்டால் மணமுறிவு எப்படி நேர்கிறது என்பதை மட்டும் பதிலில் விளக்கவும். பதிலை எங்கள் இருவர் பெயருக்கும் சேர்த்து அனுப்புவதா, தனித்தனியாகவா என்பதைத் தங்கள் துறைகள் கூடிப் பேசி முடிவெடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
பத்தில் ஒரு பங்கு மணமானவர்