ஈசல் வரவும் இல்லறத்தார் கடமையும்: ஒரு விளக்கணைப்பியல் ஆய்வு

சேலம், நாமக்கல் சமவெளியில் மழை விட்ட அந்தியில் டியூப்லைட்டை மொய்க்கும் ஈசலைப் பற்றி, ஈசலைத் தவிர அனைவரும் கருத்துரைத்துவிட்டனர். சிறகு முளைத்த கரையானே ஈசல். புற்றைவிட்டுப் பறந்து, சிறகுதிர்த்து, இணை சேர்ந்து, மண்ணுக்குள் புதுக்குடி தொடங்கப் பார்ப்பது அதன் நோக்கம். பெரும்பாலானவை பல்லிக்கும் காக்கைக்கும் நாட்டுக்கோழிக்கும் இரையாகும். நாமக்கல் பண்ணைக்கோழிக்கு அந்தப் பேறு இல்லை. இவ்வாய்வின் துணிபு ஒன்றே: வீட்டுக்காரர் கேட்க வேண்டியது ஈசல் எத்தனை என்பதன்று, எங்கிருந்து என்பதே.

வீட்டு ஈசல் நால்வகைப்படும்: வாசல்வழி வருவது, சன்னல்வழி வருவது, சாம்பாரில் விழுவது, நிலைச்சட்டத்திலிருந்து கிளம்புவது. முதலிரண்டும் வெளிப்படை. மூன்றாவது உணவியலின்பாற்படும். செம்புற்று ஈயலை மோரோடு புளிக்கச் சமைத்ததைப் புறநானூற்றின் 119ஆம் பாட்டில் கபிலரே சொல்லியிருப்பதாலும், இப்பக்கத்து ஊர்களில் ஈசலை வறுத்துத் தின்னும் வழக்கம் இருப்பதாலும், சாம்பாரைக் குறைசொல்ல இடமில்லை. நான்காவதற்குப் போகுமுன் விளக்கணைப்பைப் பற்றி விரித்துரைத்தாக வேண்டும். ‘லைட்டை நிறுத்து’ என்ற குரல் எழுந்ததும் செய்யத்தக்கது யாது என்பதில் மூன்று மரபுகள் உள. திண்ணை மரபு வெளிவிளக்கை எரியவிட்டு உள்விளக்கை அணைக்கும். அடுக்களை மரபு விளக்கடியில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைக்கும். எதிர்வீட்டு மரபோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எதிர்வீட்டில் விளக்கு எரிவதைக் கண்டு இன்புறும் (காண்க: ‘எதிர்வீட்டு விளக்கம்’, இரண்டு ஏடுகள், மூன்றாம் ஏட்டைக் கரையான் தின்றது). இதை மறுத்த ‘விளக்க மறுப்பு’, மறுப்பைக் கண்டித்த ‘மறுப்புக்குச் சவுக்கடி’, அச்சவுக்கடிக்கு ஈசல் இறகால் அடிக்குறிப்பு எழுதிய பெயர் தெரியாத உரையாசிரியர் என எல்லாத் தரப்பும் வாதிடுவது அந்த மூன்றாம் ஏட்டில் என்ன இருந்தது என்பதைப் பற்றியே. செல்லரித்த எழுத்துக்கு ஊகம் எழுதிப் பட்டம் வாங்கிய பெருமக்களில், நன்றியுரையில் கரையானைச் சேர்த்தவர் எவருமில்லை.

‘ஈசல் வந்தால் கதவு போச்சு, உடனே மருந்தடி’ என்பாரும் உளர். அது பொருந்தாது. மரத்தை அரிப்பவை சிறகில்லாத வேலைக்காரக் கரையான்கள். வெளியிலிருந்து விளக்கைத் தேடி வந்த ஈசல் கதவைத் தின்பதில்லை. புதுக்குடி வளர்ந்து மீண்டும் ஈசல்விடச் சில ஆண்டுகள் ஆகும். ‘அப்படியானால் கவலையே வேண்டாமா?’ என்பது அடுத்த தடை. வேண்டும், நான்காம் வகைக்கு: மூடிய அறைக்குள் சட்ட விரிசலிலிருந்தோ தரையோரத்திலிருந்தோ கிளம்பினால், முதிர்ந்த குடி வீட்டுக்கடியிலோ வீட்டையொட்டியோ இருக்கிறது. ‘அவை இறக்கை முளைத்த எறும்புகளே’ என்று தப்பிக்கப் பார்ப்போர் உற்று நோக்குக: ஈசலின் நான்கு சிறகும் ஒரே அளவு, இடை ஒடுங்குவதில்லை, எறும்புக்கு முன்சிறகு பெரிது, இடை சிறுத்தது. மேலும், 2007இல் வெளியான மரபணு ஆய்வின்படி கரையானுக்குப் பங்காளி கரப்பான்பூச்சியே.

ஆகவே மறுநாள் காலை இறகுகளைப் பெருக்குமுன் அவை எங்கே குவிந்துள்ளன என்று பாருங்கள். விளக்கடியில் என்றால் விளக்குமாறு போதும். நிலைச்சட்டத்தடியில் என்றால் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். சுவரோரம் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று தேடுங்கள். மரம் உள்ளீடின்றிப் பொத்தென்று ஒலித்தால் கரையான் மருந்து அடிப்பவரைக் கூப்பிடுங்கள், ஆய்வாளரை அன்று.