அப்புறம் வா

திமிரியிலிருந்து தினமும் ஆற்காடு போய், அங்கே பஸ் மாறி ராணிப்பேட்டை சிப்காட்டுக்குப் போகிறவன் நான். ஷூ கம்பெனி ஒன்றில் கணக்கெழுதச் சேர்ந்தேன். பிரிண்டரில் சிக்கிய தாளை ஒருநாள் உருவிக் கொடுத்த பாவத்துக்கு, கம்ப்யூட்டர் இலாகாவும் என் தலையில் விழுந்தது.

போன ஜூனில், ஷூவின் மேல்பாகமான அப்பர் சாம்பிளில் நூல் கலரை மாற்றச் சொல்லி ஜெர்மனி பையர் வியாழக்கிழமை மெயில் போட்டார். வெள்ளி ராத்திரி, கையில் அரைக்கிலோ வெண்டைக்காயோடு திமிரியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் போன் 'டிங்' என்றது. மணி பார்த்தேன், ஏழரை. பழைய நூலோடு சாம்பிள் காலையிலேயே கூரியரில் போயிருந்தது.

"இன்னாப்பா, மெயிலு நடந்தா வருது? தந்தியை 2013-லயே நிறுத்திட்டான், இல்லாட்டி அதுலயே வாங்கியிருப்பேன்" என்றார் முதலாளி.

மெயிலின் ஹெட்டரைப் பிரித்தேன். வழியில் தொட்ட ஒவ்வொரு சர்வரும் தபாலாபீஸ் மாதிரி நேர முத்திரை குத்தியிருக்கும். கீழிருந்து மேலே படிக்க வேண்டும். இருபத்தொன்பதரை மணி நேரத் தாமதம், கடலடிக் கேபிளில் கோளாறு என்று முழங்கினேன். அதில் மூன்றரை மணி, ஜெர்மனிக் கடிகாரத்துக்கும் நம் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசம். மீதி 26 மணிக்கும் கேபிள் பொறுப்பில்லை. மெயில் அத்தனை நேரமும் எங்கள் வாசலில்தான் நின்றிருக்கிறது.

கிரேலிஸ்டிங் என்று ஒன்று உண்டு. முன்பின் தெரியாத சர்வர் வந்தால் முதல் தடவை திருப்பி அனுப்பிவிடும். குப்பை மெயில்காரன் மெனக்கெட்டு மறுபடி வரமாட்டான், யோக்கியன் வருவான் என்பது கணக்கு. 4-ல் தொடங்கும் எண்ணைச் சொன்னால் 'அப்புறம் வா', 5-ல் தொடங்கினால் 'வராதே'. எங்கள் கேட் வாட்ச்மேன் கம்ப்யூட்டர் இல்லாமலே இதைச் செய்வார். வினை என்னவென்றால், பெரிய கம்பெனிக்குப் பல சர்வர்கள். ஒவ்வொரு தடவையும் வேறொன்று வந்து கதவைத் தட்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் புது முகம். ஒவ்வொன்றுக்கும் 'அப்புறம் வா'.

இந்த வசதியைப் பொத்தான் தட்டிப் போட்டுவைத்த புண்ணியவான் யாரென்று தேடினேன். நான்தான்.

பையரைத் தெரிந்தவர் பட்டியலில் சேர்த்தேன். இப்போது அவர் மெயில் நொடியில் வருகிறது. முதலாளியிடம், "சர்வர் கோளாறு சார், சரி பண்ணியாச்சு" என்று சொல்லியிருக்கிறேன். இதைப் படிப்பவர் யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால், தயவுசெய்து அப்புறமாகச் சொல்லுங்கள்.