கூடத்து ஒலிப்பெட்டி இலக்கணம்

பாயிரம்

பாடல் கேட்கவும், தொலைக்காட்சி பார்க்கவும், கேம் விளையாடவும் ஒருங்கே உதவக்கூடிய, கூடத்தில் இடத்தை அடைக்காத, விலையால் வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்காத சிறிய ஒலிப்பெட்டி எது என்னும் வினா, நடுத்தரக் குடும்பங்களில் திருமணப் பொருத்தத்துக்கு அடுத்தபடியாக நெடுநாள் ஆராயப்படும் வினாவாகும். எழுத்துக்கும் சொல்லுக்கும் பொருளுக்கும் இலக்கணம் கண்ட மொழியில் சவுண்டு பாருக்கு இலக்கணம் காணப்படாதிருப்பது ஒரு குறையே. அக்குறையை நீக்குவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம். நூலுக்கு எல்லை கூறுவது மரபாதலின், இதன் எல்லை வடக்கே தொலைக்காட்சியைத் தாங்கிய ஷோகேஸ், தெற்கே சோபா, கிழக்கே பால்கனிக் கதவு, மேற்கே சமையலறை எனக் கொள்ளப்படும். இந்நான்கு எல்லைக்கு உட்பட்ட நிலம் பத்தடிக்குப் பதினான்கடி பரப்புடையது.

மூன்று தொழில்களும் மூன்று வெவ்வேறு பண்புகளை வேண்டி நிற்கின்றன என்பதே இந்நூலின் துணிபு. பாட்டு இடத்தை வேண்டும். தொலைக்காட்சி சொல்லை வேண்டும். கேம் காலத்தை வேண்டும். இம்மூன்றையும் ஒரு பெட்டிக்குள் அடக்க முயலும்போது பிறக்கும் சிக்கல்களே இனி இயல்களாக விரிகின்றன.

பெயரியல்

ஸ்டீரியோ என்பது திண்மை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. இரண்டு ஒலிப்பெட்டிகளுக்கு இடையே, பெட்டி எதுவுமற்ற வெற்றிடத்தில், பாடுபவர் உருத்திரண்டு நிற்பதுபோலச் செவிக்குத் தோன்றுவதே அத்திண்மையாம். பக்கவாட்டிலிருந்து வரும் ஓசை அருகிலுள்ள காதை முதலிலும் அப்பாலுள்ள காதைச் சற்றுப் பின்னரும் அடைகிறது. அந்த இடைவெளி ஒரு மில்லி நொடியைக்கூட, அதாவது நொடியின் ஆயிரத்தில் ஒரு கூற்றைக்கூட, எட்டுவதில்லை எனினும், மூளை அதையும் இரு காதுகளுக்கும் கிடைக்கும் ஒலியளவு வேறுபாட்டையும் கொண்டு திசையைக் கணித்துவிடுகிறது. இந்தக் கணிப்பை ஏமாற்றும் வித்தையின் அடிப்படைகளை ஆலன் புளும்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1931இல் காப்புரிமைக்காக எழுதிவைத்தார். தமிழக வழக்கிலோ, டேப் ரெக்கார்டர் காலந்தொட்டு, உரக்கப் பாடும் எந்தப் பெட்டியும் ஸ்டீரியோ எனப்பட்டது. பண்பின் பெயர் பண்பை உடைய பொருளுக்கு ஆகி வந்தமையால் இதனைப் பண்பாகுபெயர் எனலாம், அப்பண்பு பெட்டியில் உண்மையிலேயே இருக்குமாயின்.

கடைகளில் கிடைப்பவை ஒற்றை, பட்டை, இரட்டை என மூவகைப்படும். ஒற்றை என்பது ப்ளூடூத் ஸ்பீக்கர். பட்டை என்பது தொலைக்காட்சியின் காலடியில் நீளவாக்கில் கிடக்கும் சவுண்டு பார். இரட்டை என்பது ஆம்ப்ளிபயர் உள்ளேயே பொருத்தப்பட்ட இரண்டு சிறு ஸ்பீக்கர்கள். நான்காவதாகிய ஹோம் தியேட்டர், சிறியது என்னும் அடைமொழிக்குள் அடங்காமையாலும், பின்னால் வைக்க வேண்டிய அதன் இரு பெட்டிகளும் வயர் எட்டாத காரணத்தால் பல வீடுகளில் முன்பெட்டிகளின் மேலேயே அடுக்கப்படுவதாலும் இங்கு ஆராயப்படவில்லை.

இடவியல்

கேட்பவரும் இரு பெட்டிகளும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைய வேண்டும் என்பது பொதுவிதி. அவ்வாறு அமைந்தால் கேட்பவருக்கு இரு பெட்டிகளும் அறுபது பாகை விரிந்து நிற்கும். 80 சென்டிமீட்டர் நீளமுள்ள பட்டையோ மூன்று மீட்டருக்கு அப்பாலுள்ள சோபாவிலிருந்து நோக்க ஏறத்தாழ 15 பாகையே விரிகிறது. இசையமைப்பாளர் வயலின்களை இடப்புறத்திலும் கிதாரை வலப்புறத்திலும் பிரித்து வைத்திருந்தாலும், பட்டை அவர்களை நெரிசல் நேரத்து ஷேர் ஆட்டோவில் ஏற்றுவதுபோல ஒருவர் மடியில் ஒருவராக அமர்த்திவிடுகிறது. ஆதலின் பாட்டுக்கு இரட்டையே சிறந்தது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படும். இரட்டையின் நடுவில் தோன்றும் குரல் நடுவில் அமர்ந்தவருக்கே நடுவிலிருந்து வரும். ஓரத்தில் அமர்ந்தவருக்கு அருகிலுள்ள பெட்டியின் ஓசை முந்திக்கொள்ள, முந்தியதன் திசையையே செவி மெய்யென நம்பும். ஹாஸ் விளைவு என்று பெயர்பெற்ற இதனால், சோபாவின் நடுவிடம் தாத்தாவுக்குரியதாக இருக்கும் வீட்டில் ஸ்டீரியோ என்பது தாத்தாவின் தனிச்சொத்தாகாதோ எனின், ஆகும் என்பதே விடை. எனினும் அவர் நாளிதழை முடித்து உறங்கச் சென்றபின் அவ்விடம் காலியாவதால் குடும்பத்துக்குப் பெரிய இழப்பில்லை.

விதியைவிட வலியது ஷோகேஸ். சிறு பெட்டிகள் பலவற்றின் முதுகில் ஒரு துளை உண்டு. தாழ்ந்த ஒலிகளுக்கு, அதாவது மக்கள் பேஸ் என வழங்குவதற்கு, உள்ளிருக்கும் காற்றும் இசைந்து துணைபுரியும் பொருட்டு அமைந்த அத்துளைக்குப் பின்னால் ஒரு சாணாவது வெளி வேண்டும். பெட்டியைத் தட்டுக்குள் திணித்துச் சுவரோடு ஒட்டினால் பேஸ் அளவு மீறிப் பெருகி, பாடகர் எவரும் அண்டாவுக்குள் இறங்கிப் பாடுபவராகிவிடுவர். பேஸுக்குப் பெட்டியின் அளவே எல்லை. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்திறனில் உரத்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டையே ஒருவர் பெறலாம் என்பது ஹாஃப்மனின் இரும்பு விதி எனப்படும். நான்கு அங்குல ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி கேட்கும், ஆனால் வயிற்றில் இறங்காது.

இவ்வியலுக்குரிய அளவுக்கருவி தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையாகும். அலங்காரப் பொருளாகக் கருதப்பட்டுவரினும், பெட்டி வைத்த அதே பலகையில் நிறுத்தப்படும்போது அது ஒரு நுண்ணிய அதிர்வுமானியாகத் தொழிற்படுகிறது. பேஸ் விழும்போதெல்லாம் பொம்மை தலையசைத்தால் அது ரசனையன்று. பெட்டியின் அதிர்வு பலகைக்குள் இறங்குகிறது என்பதற்குச் சான்று. அடுத்த சில விநாடிகளில் கண்ணாடிக் கதவும் அதன் உள்ளிருக்கும் விருந்தினர்க் கோப்பைகளும் கூடவே பாடத் தொடங்கும். இதற்கு மருந்து, ரப்பர்ச் செருப்பிலிருந்து வெட்டிய நான்கு துண்டுகளைப் பெட்டியின் அடியில் இடுவது. ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் பெறும் பெட்டிக்குச் செருப்பைப் பீடமாக்கலாமா எனின், காலில் ஏறாத புதுச் செருப்பு வெறும் ரப்பரே ஆதலின் ஆக்கலாம்.

மாத்திரையியல்

இயல்பாகக் கண்ணிமைக்கும் பொழுதையோ கைந்நொடிக்கும் பொழுதையோ தொல்காப்பியம் ஒரு மாத்திரை என வகுத்தது. கண்ணிமைப்புக்கு ஏறத்தாழ 100 முதல் 400 மில்லி நொடி வரை ஆகும் என்பர். கணக்கின் எளிமைக்காக இங்கு ஒரு மாத்திரை 200 மில்லி நொடி எனக் கொள்ளப்படுகிறது. படம் திரையில் தோன்றிய பின்னர் ஓசை வந்துசேர எடுக்கும் தாமதத்தை அளக்க இதனினும் பொருத்தமான அலகு இல்லை.

ப்ளூடூத் என்னும் நீலப்பல், ஏறத்தாழச் சுந்தர சோழரின் காலத்தவராகிய ஹரால்டு என்னும் டென்மார்க் மன்னரின் பட்டப்பெயராகும். அவர் பெயர் தாங்கிய இம்முறை, ஓசையைச் சுருக்கிப் பொட்டலமாக்கி, அனுப்பி, பெற்ற இடத்தில் சற்றே தேக்கிவைத்து, பிரித்து ஒலிக்கச் செய்வதால், அதன் சாதாரண வகையில் ஏறத்தாழ ஒரு மாத்திரை கழிந்துவிடுகிறது. விரைவுக்கென அமைந்த சில வகைகள் இதனைக் கால் மாத்திரைக்கும் கீழே, அதாவது மகரக்குறுக்கத்தினும் குறுக, 40 மில்லி நொடியளவுக்குக் குறைக்கும். ஆனால் அனுப்புவதும் பெறுவதும் ஆகிய இரண்டு கருவிகளும் அதே வகையை அறிந்திருக்க வேண்டும். வைஃபை வழியே பாடும் சில முறைகள் பாட்டு இடையில் அறாதிருக்க ஒன்றிரண்டு நொடி அளவு சேமித்துவைத்துப் பாடுகின்றன. அளபெடைக்கு மூன்று மாத்திரை எனின், இது அளபெடையினும் நீண்டது.

பாட்டுக்கு இத்தாமதம் ஒரு பொருட்டன்று, ஏனெனில் பாட்டு எப்போது தொடங்க வேண்டியிருந்தது என்று ஒப்பிட வேறு சான்று இல்லை. தொலைக்காட்சிக்கோ உதடு சான்றாகிறது. ஓசை 45 மில்லி நொடி முந்தினாலோ 125 மில்லி நொடி பிந்தினாலோ பார்ப்பவர் கண்டுகொள்வர் என்பது ஒளிபரப்புத் துறையின் பன்னாட்டுப் பரிந்துரையில் காணப்படும் கணக்கு. பிந்துவதற்கு மட்டும் கூடுதல் சலுகை ஏன் எனின், ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவரின் அடி கண்ணுக்கு முன்னும் காதுக்குப் பின்னும் எட்டுவதை மனிதர் காலங்காலமாகக் கண்டு பழகியிருப்பதே காரணம் எனலாம். ஒலி 34 மீட்டரைக் கடக்கப் பத்தில் ஒரு நொடி, அதாவது ஒரு குற்றியலுகரத்தின் பொழுது, எடுத்துக்கொள்கிறது. ஆயினும் இந்தியிலிருந்து டப்பிங் செய்யப்பட்ட நெடுந்தொடர்களில் வளர்ந்த கண்களுக்கு இவ்வரம்பு பொருந்துமா என்பது தனி ஆய்வுக்குரியது.

கேம் எந்தச் சலுகையும் தராது. நொடிக்கு 60 படங்கள் ஓடும் கேமில் ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லி நொடி. அது மாத்திரையில் பன்னிரண்டில் ஒரு கூறு, இலக்கணிகள் பெயரிடாத பொழுது. திரைப்படமாயின் ஓசை பிந்துவதை அறிந்த கருவி படத்தையும் அதே அளவு பிந்தச் செய்து ஒப்பேற்றிவிடும். விளையாடுபவர் அடுத்து எந்தப் பொத்தானை அழுத்துவார் என்பது கருவிக்குத் தெரியாதாகையால் கேமில் அவ்வுபாயம் செல்லாது. குண்டு பாய்ந்து, ஆள் வீழ்ந்த பிறகு துப்பாக்கி வெடிக்கும். ஆதலின் கேமுக்குக் கம்பி வேண்டும் என்பது சிறப்புவிதி. பின்னால் வரும் எதிரியின் காலடியைத் தெளிவாக உணர்த்துவது இரட்டைக்கும் அரிது, அதற்கு ஹெட்போனே தக்கது. ஆனால் ஹெட்போன் அணிந்தவருக்குப் பின்னால் வரும் தாயாரின் காலடி கேட்காது என்பதால், எது பேரிடர் என விளையாடுபவரே தேர்ந்துகொள்ளல் வேண்டும்.

கம்பியியல்

தொலைக்காட்சியிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கம்பி இருவகைத்து. 1983இல் தோஷிபா நிறுவனம் கொணர்ந்த ஆப்டிகல் கம்பி ஒளியின் வழியே ஓசையைக் கடத்தும். ஓசையை அன்றி வேறொன்றையும் கடத்தாது. 2009இல் ஹெச்டிஎம்ஐ கம்பியில் புகுந்த ஏஆர்சி என்னும் வசதியோ, உள்ளே படம் வரும் அதே வழியில் ஓசையை வெளியே திருப்பியனுப்புவதோடு, அதே கம்பியில் ஓடும் சிஇசி என்னும் கட்டளை முறையின் துணையால் தொலைக்காட்சி ரிமோட்டின் ஆணையையும் பெட்டிக்கு எட்டவைக்கும். 2017இல் வந்த இஏஆர்சி பல பெட்டிகளுக்குரிய சுருக்கப்படாத ஓசையைச் சுமக்கவல்லது. இரண்டே பெட்டி உடையார்க்குப் பழைய ஏஆர்சியே போதும்.

இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் இல்லறத்தின் அமைதி இதனையே சார்ந்துள்ளது. ஆப்டிகல் கம்பியுள்ள வீட்டில் சேனலுக்கு ஒரு ரிமோட், சத்தத்துக்கு ஒரு ரிமோட் என இரண்டு வேண்டியிருக்கும். பாலித்தீன் உறையிட்டு ரப்பர் பேண்டு சுற்றப்பட்டு, ஒலிகூட்டும் பொத்தானில் எழுத்தழிந்து, உள்ளங்கையில் இருமுறை தட்டினாலன்றி வேலை செய்யாத ஒரு ரிமோட்டைக் காப்பதே அரிதாயிருக்க, இரண்டில் ஒன்று எப்போதும் சோபாவின் இடுக்கில் தலைமறைவாகவே வாழும். ஆதலின் ஏஆர்சி என எழுதப்பட்ட துளை இல்லாத பெட்டியை, அதன் குரல் குயிலினும் இனிதாயினும், விலக்குக. வாங்கியபின் பெட்டி ஊமையாயிருந்தால் பழுதென்று அஞ்சாமல், தொலைக்காட்சியின் அமைப்பில் ஒலி வெளியீட்டைப் பிசிஎம் என மாற்றிப் பார்க்க வேண்டும். பல பெட்டிக்கான டால்பி ஓசையைப் பிரிக்கத் தெரியாத இரட்டைகள் அதைக் கண்டு வாய்மூடி நிற்பது இயல்பு.

பாட்டுக்கு மட்டும் கம்பியின்மை ஏற்புடையது. ப்ளூடூத் வழியில் பாட்டு அலைபேசியிலிருந்து வருவதால், பல்லவி முடிந்து சரணம் எடுக்கும் இடத்தில் வாட்சாப் ஒலியும் கூடத்தில் முழங்கும். அலைபேசிக்குரியவர் பால் வாங்கப் படியிறங்கினால் பாட்டும் உடன் இறங்கிச் செல்லும். வைஃபை வழியிலோ பெட்டியே இணையத்திலிருந்து பாட்டை நேராகப் பெற்றுக்கொள்ளும், அலைபேசி கட்டளையிட்டுவிட்டு எங்கும் போகலாம்.

வாட்டியல்

அட்டைப்பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் பிஎம்பிஓ வாட் உயர்வு நவிற்சி அணியின்பாற்படும்; அது கணநேர உச்சத்தின் கற்பனை, அதற்குப் பொதுத்தரம் இல்லை. தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் வாட்டே தன்மை நவிற்சி. அதிலும் வாட்டை இரட்டித்தால் 3 டெசிபலே கூடும். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்துமடங்கு வாட் வேண்டும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 85 டெசிபல் தரும் பெட்டிகள் இரண்டு, மூன்று மீட்டருக்கு அப்பாலுள்ள சோபாவில் ஏறத்தாழ 80 டெசிபல் தரும். உரையாடலைவிடச் சற்றே உரத்த 70 டெசிபலுக்குப் பெட்டிக்குப் பத்தில் ஒரு வாட் போதுமானது. தேர்வுக்காலத்துப் பிள்ளை, உறங்கும் பாட்டி, கீழ்வீட்டு ஓய்வுபெற்ற அதிகாரி ஆகிய மூவரும் உள்ள கட்டடத்தில் அதுவும் மிகையே.

புறனடை

மேற்கூறிய விதிகளுக்கெல்லாம் மேற்கெல்லையிலிருந்து வருவது புறனடை. சமையலறையில் 750 வாட் மிக்ஸி சட்னி அரைக்கத் தொடங்கியதும், ஓர் ஓசையை மற்றோர் ஓசை விழுங்கும் மறைப்பு என்னும் விளைவால் ஒற்றை, பட்டை, இரட்டை என்னும் வேறுபாடு அனைத்தும் அழிகிறது. குக்கரின் விசில் விட்டுவிட்டு வருவதால் பொறுக்கப்படும். மிக்ஸி தொடர்வதால் ரிமோட் உடையவர் ஒலியை 12இலிருந்து 30க்கு ஏற்றுவார். மிக்ஸி முன்னறிவிப்பின்றி நிற்கும். அக்கணத்தில்தான், இந்நூல் ஆராய்ந்த இடமும் சொல்லும் காலமும் ஒருங்கே கூடி, பெட்டி தன் முழு இயல்போடு கூடத்தை நிறைக்கும். அக்கணத்தில்தான் சமையலறையிலிருந்து 'குறை' என்னும் ஒரு சொல்லும் எழும். அதைப் பெயர்ச்சொல்லாகக் கொண்டு, தேடித் தேர்ந்த பெட்டியில் ஏதோ பழுது சுட்டப்படுகிறது என மயங்கி அட்டைப்பெட்டியை எடுத்து வாரண்டி அட்டையைத் தேடுவாரும் உளர். அது பெயரன்று, முன்னிலை ஏவல் ஒருமை வினைமுற்று. ரிமோட் கணவர் கையில் இருப்பின் 'குறைங்க' என மரியாதை விகுதி பெறும். இரண்டிடத்தும் பொருள் ஒன்றே, அதற்கு உரை வேண்டுவதில்லை.