பட்டைக்குப் பங்காளிகள்

சமவெளியில் போன்சாய் வளர்ப்பவர்களுக்கு எதிரி வெயில். அதை விட்டால், நாம் ஊருக்குப் போகும்போது தண்ணீர் ஊற்ற ஒப்புக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர். குன்னூரில் அந்த இரண்டு கவலையும் இல்லை. வெயிலே பாதி நாள் லீவு. பனிமூட்டம் தானாக வந்து இலையை நனைத்துவிட்டுப் போகும். ஜூனிபர், மேப்பிள், அசேலியா என்று கோயம்புத்தூர்க்காரர்கள் ஏக்கத்தோடு படத்தில் பார்க்கும் ஜாதிகளெல்லாம் இங்கே வாசற்படியில் கேட்பாரில்லாமல் வளரும். கேட்பாரில்லை என்று சொல்லக்கூடாது. கேட்பவர்கள் உண்டு. நாலு காலில், இருட்டிய பிறகு வருவார்கள்.

முதலில் காட்டெருமை. வளர்ந்த ஆண் ஒரு டன் வரை எடை வரும். தேயிலைத் தோட்டத்துக்குள் நின்றுகொண்டு புல்லை மட்டும் மேயும்; நாம் ஏற்றுமதி செய்கிற சரக்கை அது மதிப்பதில்லை. சாயங்காலம் தெருவில் நடந்து வந்தால் ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு ஓரமாக நிற்பார். போன்சாய் மீது அதற்குப் பகை எதுவும் கிடையாது. இருபது வருஷத்து அத்திமரத்தின் மேல் கால் வைத்த விஷயமே அதற்குத் தெரியாது. அடுத்தது குரங்கு. கிளையை வளைக்க நாம் சுற்றி வைத்த அலுமினியக் கம்பியை நிதானமாகப் பிரித்து, கிளையைப் பழையபடி நிமிர்த்திக் கொடுத்துவிட்டுப் போகும். கோத்தகிரிப் பக்கம் கரடி வந்தால் நேரே கோயிலுக்குள் போய் விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடிக்கும். பக்தி மார்க்கம்; செடி கொடியில் நாட்டமில்லை.

இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். முள்ளம்பன்றியை முடியாது. காரணம், அதற்கு ரசனை இருக்கிறது. வாசலில் வரிசையாக இருக்கும் தொட்டிகளில் பெகோனியாவைத் தொடாது. போன வாரம் நர்சரியில் வாங்கி வந்த மலிவுச் செடியை முகர்ந்துகூடப் பார்க்காது. வீட்டிலேயே வயசான, விலைமதிப்பான ஜூனிபர் எதுவோ, அதன் எதிரே போய் உட்காரும். காலையில் போய்ப் பார்த்தால், தொட்டிப் பாசியின் மேல் பென்சில் சீவியதுபோல் பட்டைத் துணுக்குகள். அடிமரத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஈரக்கட்டை தெரியும். அதில் இரட்டை இரட்டையாகப் பல் பதிந்த தடம், ஒன்றுக்கொன்று இடைவெளி பிசகாமல். நம் ஊர் ஆசாரிகளில் பாதிப் பேருக்கு இந்தச் சுத்தம் வராது. பக்கத்தில் கறுப்பு வெள்ளையில் ஒரு முள் கிடக்கும், வந்து போனதற்குச் சாட்சியாக.

மரத்தின் வெளிப்பட்டை வெறும் சட்டை. ருசியெல்லாம் உள்பட்டையில். இலையில் தயாராகும் சர்க்கரை வேருக்கு இறங்கும் பாதை அதுதான். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து புல் கருகிப்போகும். மாசி வறட்சியில் காட்டில் வாய்க்கு ருசியாக மிஞ்சுவது பட்டைதான். முதுமலையில் யானை தந்தத்தால் நெம்பி, நீளநீளமாக உரித்துத் தின்னும். முள்ளம்பன்றியோ கொறிக்கும் குலம். எலிக்குப் பெரியப்பா மகன். முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். உதிர்ந்த மான்கொம்பு, காட்டில் கிடக்கும் எலும்பு எதையும் விடாது. பட்டையைச் சுற்றிவர ஒரு வளையமாக எடுத்துவிட்டால் இலையின் சாப்பாடு வேருக்கு வராது, மரம் செத்துப்போகும். தோப்பில் நிற்கும் பெரிய மரத்தை அப்படிச் சுற்றி வர அதற்கு ராத்திரி பூரா வேண்டும், பாதியில் சலித்துவிடும். போன்சாயின் அடிமரம் மணிக்கட்டுத் தடிமன். வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். வருஷக்கணக்காக நாம் மரத்தைக் குட்டையாக்கியது யாருடைய வசதிக்கு என்று அப்போதுதான் விளங்கும்.

அடிக்கவோ பிடிக்கவோ 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் விடாது. நல்ல சட்டம்தான். முள்ளம்பன்றியும் அதைப் படித்திருக்கிறதோ என்ற சந்தேகம்தான் எனக்கு. டார்ச் அடித்தால் ஓடாது. முள்ளைச் சிலிர்த்து, வாலைக் கிலுக்கி, முதுகைக் காட்டித் திரும்பி நிற்கும். முள்ளை அம்பு மாதிரி எய்யும் என்று எங்கள் தெருவில் சத்தியமே செய்வார்கள். அதெல்லாம் இல்லை. முள் என்பது தடித்துப்போன மயிர், அவ்வளவுதான். ஆனால் பின்பக்கமாகப் பாய்ந்து வந்து குத்தும். பக்கத்து வீட்டு நாய்க்கு இந்த விவரம் நன்றாகத் தெரியும்.

பரிகாரம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. மிளகாய்த்தூளை வேப்பெண்ணெயில் குழைத்து அடிமரத்தில் பூசச் சொன்னார்கள். பலன் உண்டு, மழை பெய்யாதவரை. குன்னூருக்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை. முள்ளம்பன்றி மழைவிடும்வரை காத்திருக்கும். அதே கையால் கண்ணைக் கசக்கிக்கொள்ள நான் காத்திருப்பதில்லை. அடுத்து, கீழே விவசாயிகள் காட்டுப்பன்றிக்குச் செய்வதுபோல வேலியோரம் தலைமுடி தூவச் சொன்னார்கள். சலூனில் போய் ஒரு மூட்டை முடி கேட்டேன். “எதுக்கு சார், திருஷ்டி கழிக்கவா?” என்றார். என் தலையைப் பார்த்துவிட்டு வேறு ஏதோ நினைத்துக்கொண்டு காசு வாங்க மறுத்துவிட்டார். பழைய சேலையை வேலியாகக் கட்டும் முறையும் உண்டு. “கல்யாணச் சேலையைத் தவிர எதை வேணும்னாலும் எடுங்க” என்றாள் மனைவி. கட்டிய அன்றே தெருவில் இரண்டு பேர் வந்து, வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

உருப்படியானது வெல்ட் மெஷ் கூண்டுதான். அதையும் தரைக்குள் ஓர் அடி புதைக்க வேண்டும், தோண்டிக்கொண்டு வரும். முள்ளம்பன்றிக்கு மரமேற வராது என்று தொட்டியை உயரமான மேடையில் வைத்தால் குரங்குக்குப் பந்தி போட்டதாகிவிடும். ஆகவே கூண்டுக்குக் கூரை. கூரைக்குப் பூட்டு. கலைப்பொருளாக வளர்த்ததை ஜாமீன் கிடைக்காத கைதி மாதிரி கம்பிக்குப் பின்னால் வைத்துத்தான் இப்போது விருந்தாளிக்குக் காட்டுகிறேன். அக்கா பேத்தி வந்தவள் கேட்டாள்: “தாத்தா, இந்த மரம் என்ன தப்பு பண்ணுச்சு?”

கடிபட்ட ஜூனிபரைப் பார்க்க வந்தவர், அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். கூண்டைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். “தம்பி, நீங்க தொட்டியில பண்ற வேலையைத்தான் நாங்க மலை பூரா பண்ணினோம்” என்றார். வாஸ்தவம். தன்போக்கில் விட்டால் தேயிலை மரமாகிவிடும். சில வருஷத்துக்கு ஒருமுறை கவாத்துக் கத்தியால் தறித்து, இடுப்புக்கு மேல் தலையெடுக்கவிடாமல் வைத்திருக்கிறோம். குன்னூரிலிருந்து கோத்தகிரி வரை பஸ்ஸில் போகிறவர் பார்ப்பது உலகத்திலேயே பெரிய போன்சாய் கண்காட்சிகளில் ஒன்று. டிக்கெட் மட்டும்தான் வேறு. பெரியவர் கடைசியில், “பாசி வெச்சுக் கட்டுங்க, பட்டை திரும்ப வரும்” என்றார்.

பாசி என்றதும் எனக்கு மெக்ஐவர் ஞாபகம் வந்தார். 1848இல் ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்க வந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவரிடம், பிறகு சின்கோனா தோட்டங்களின் பொறுப்பும் வந்தது. மலேரியாவுக்கு மருந்தான கொயினா அந்த மரப்பட்டையில்தான் இருக்கிறது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவுக்குப் போய்ச் சேகரித்து வந்த சின்கோனாவை 1860களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டார்கள். பட்டைக்காக மரத்தையே வெட்டினால் அடுத்த அறுவடைக்கு மரம் இருக்காது. மெக்ஐவர் யோசித்தார். பட்டையை மேலிருந்து கீழாக நாடா நாடாவாக உரித்தார், நடுவே கொஞ்சம் பட்டையை விட்டுவைத்தார், உரித்த இடத்தில் ஈரப்பாசியை வைத்துக் கட்டினார். புதுப்பட்டை வளர்ந்தது, கொயினாவும் அதில் கூடுதலாக இருந்தது. அதற்கப்புறம் தோல் பதனிடச் சீகை மரத்தின் பட்டை. ஆக, இந்த மலையில் பட்டை உரித்தே சம்பளம் வாங்கிய பரம்பரை நம்முடையது. முள்ளம்பன்றி வயசில் மூத்த பங்காளி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டா நம் பெயரில் இருக்கிறது.

மெக்ஐவர் முறைப்படி காயத்தின் ஓரங்களில் பாசி வைத்துக் கட்டினேன். நல்லவேளையாக ஒரு பக்கம் பட்டை பிழைத்திருந்தது. ஓரம் உருண்டு திரண்டு மூடத் தொடங்கியது. நடுவே மட்டும் கட்டை காய்ந்து வெளுத்து நின்றது. ஜப்பானில் இதற்கென்றே ஒரு கலை உண்டு. மின்னலும் காற்றும் பட்டு வயசான மரம்போலத் தெரிய, அடிமரத்துப் பட்டையைத் தாங்களே வேண்டுமென்றே உரித்து, கந்தகச் சுண்ணாம்புக் கரைசல் பூசி வெளுக்க வைப்பார்கள். ஷாரி என்று பெயர். அதற்கு வகுப்பு உண்டு, கட்டணம் உண்டு, தனி உளி உண்டு. நானும் அந்தக் கரைசலை வாங்கிப் பூசினேன்.

மே மாதம் மலர்க்கண்காட்சிக்கு வந்த கோயம்புத்தூர் நண்பர், போன்சாயில் கரை கண்டவர், கூண்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

“இந்த ஷாரி யாருங்க பண்ணினது? ஜப்பான் போய்ப் படிச்சவருங்களா?”

“இல்லீங்க, லோக்கல்தான். ராத்திரி மட்டும்தான் வேலை செய்வார்.”

“என்ன வாங்கறார்?”

“உருளைக்கிழங்கு.”

“கலைஞருங்கன்னாலே இப்படித்தானுங்க. எங்கிட்ட ரெண்டு ஜூனிபர் இருக்கு. அவர் நம்பரை மட்டும் கொடுங்க.”

டீ கொண்டுவந்த மனைவி, “நம்பர் எதுக்குங்க?” என்றாள். “மரத்தைக் கொண்டாந்து கூண்டுக்கு வெளியே வெச்சிட்டுப் போங்க. காலைல ரெடியா இருக்கும்.”