வயர் மினுங்குது, போட் மிதக்குமோ?

என்ன மோனே, போட் வாங்கப்போறாயாம். பேசாலை முழுக்க இதுதான் கதை. மீன்பிடிப் போட் இல்லையாம், உல்லாசப் போட்டாம். டீசலில ஓடுமாம். ஆரோ பாவிச்சு விட்டதாம். ஆனா மின்சாரம் மட்டும் அடியோட புதுசாம்!

விளம்பரத்தை நானும் பாத்தன். லித்தியம் பற்றரியாம், சோலார் தட்டாம், இன்வேர்ட்டராம், படுக்கிற அறைக்கு ஏசியாம், தேத்தண்ணிக்குக் கரண்ட் கேத்திலாம். போனைத் தட்டினா நீல லைற் எரியுமாம். எல்லாப் படத்திலயும் லைற் எரியுது. ஒரு படத்திலயாவது போட்டின்ர அடியைக் காட்டினவனோ? இஞ்சின் மூடியைத் திறந்து வைச்சுப் படம் எடுத்தவனோ? இல்லை. ஆனா கப்டன் தொப்பி ஒண்டு இனாமாம். இனாமாத் தொப்பி தாறவனைக் கண்டா நான் மடியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுவன்.

முதல்ல ஒண்டு யோசி. இவ்வளவு காசைக் கொட்டிப் புது வயர் இழுத்தவன், அந்தச் சுகத்தை ஒரு வருசமாவது அனுபவிக்க மாட்டானோ? ஏன் உடன விக்கிறான்? வெளிநாடு போறானாம். ஓமோ? போட் விக்கிறவன் எல்லாரும் வெளிநாடுதான் போறான். "ஒழுகுது, அதால விக்கிறன்" எண்டு ஆராவது சொல்லி நீ கேட்டிருக்கிறியோ?

பழைய டீசல் போட் வாங்கிற வித்தையைப் படிக்க நீ 2022 மாசியில தலைமன்னாருக்கு வந்திருக்க வேணும். எல்லை தாண்டிப் பிடிபட்ட இந்தியப் படகு 105ஐ அரசாங்கம் ஏலத்துக்கு விட்ட நேரம். காரைநகரில 65, கிராஞ்சியில 24, எங்கட தலைமன்னாரில 9, மிச்சம் காங்கேசன்துறையிலயும் கற்பிட்டியிலயும். வெயிலிலயும் உப்பிலயும் கிடந்து நைஞ்ச படகுகள். அப்பிடிப் படகை வாங்க வாறவன் எதைப் பாப்பான்? இஞ்சினைக் கழட்டலாமோ, பலகை இத்துப்போச்சோ, இரும்பு எத்தனை கிலோ தேறும். லைற் எரியுதோ எண்டு ஒரு விசரனும் கேக்க மாட்டான். தன்ர காசை எண்ணிக் குடுக்கிறவனுக்குப் போட் எண்டா அடியும் இஞ்சினும்தான்.

மின்சாரம் வேணாம் எண்டு சொல்லேல்லை, கோவிக்காத. இராவில பாதை விளக்கு வேணும். ஜிபிஎஸ் வேணும். வயர்லெஸ் வேணும். உள்ள வாற தண்ணியை வெளிய தள்ளுற பம்பு வேணும். இந்த நாலும் சீவனுக்கு. கரண்ட் கேத்தில் ஆருக்கு?

நீ படிச்ச பொடியன்தானே, கணக்கைப் போடு. 1500 வாற் கேத்திலை 12 வோல்ற்றில கொதிக்க வைக்க எத்தனை அம்பியர்? 125. ஈயப் பற்றரியில 200 அம்பியர்-மணி எண்டு எழுதியிருக்கும். அதில பாதியைத்தான் நம்பலாம். பாதிக்குக் கீழ அடிக்கடி இறக்கினா அது கெதியாச் செத்துப்போகும். ஏசி 60 அம்பியர் இழுத்தா, ரெண்டு மணித்தியாலம் தாண்டாது. நீ நித்திரையாகிறதுக்கு முன்னம் ஏசி நித்திரையாகிடும்.

லித்தியம் தாங்கும் எண்டுவாய். ஓம், தாங்கும். அதின்ர பசி உனக்குத் தெரியுமோ? ஈயப் பற்றரி வயிறு நிறைய நிறையக் குடிக்கிறதைக் குறைக்கும். லித்தியம் கடைசிவரைக்கும் மடமடவெண்டு குடிக்கும். அதைக் கொண்டுபோய்ப் பழைய ஆல்ரனேட்டரில நேர கொளுவினா, ஆல்ரனேட்டர் கொதிச்சு எரிஞ்சுபோகும். பற்றரிக்குள்ள ஒரு காவல்காரச் சுற்று வேற இருக்கு. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கேக்க அது சட்டெண்டு தொடர்பை அறுத்தா ஆல்ரனேட்டரின்ர டயோட்டும் போயிடும். இதுக்கெல்லாம் இடையில தனிப் பெட்டி ஒண்டு வைக்கவேணும். வைச்சவனோ? "முழுக்கப் புதுசு" எண்டதில அதுவும் அடக்கமோ, இல்லை நீல லைற் மட்டுமோ? கேளன்!

எங்கட மன்னார்த் தீவின்ர தென்கரையைப் பார். 2020 மார்கழியில திறந்த தம்பபவனி காத்தாலை. 30 காத்தாடி, 103.5 மெகாவாற். சோளகம் எழும்பினா என்ன சுத்துச் சுத்துது! அதில ஒரு முழ வயராவது உன்ர போட்டுக்குப் பின்னால கடலுக்கு வருமோ? கடலில நீதான் மின்சார சபை. கரண்ட் போனா நீயே உனக்கு ஏசவேண்டியதுதான்.

அந்த நாளையில டீசல் இஞ்சினைக் கைபிடி போட்டுச் சுத்தி எழுப்புவம். ஒருக்கா எழும்பினா அதுக்குக் கரண்டே தேவையில்லை. டீசலும் காத்தும் போதும். இப்ப வாற இஞ்சினில டீசல் தெளிக்கிறதுக்கும் கம்பியூட்டர். கரண்ட் அறுந்தா இஞ்சினும் அறும். அதால போட்காரனிட்ட முதல் கேள்வி இதுதான்: "எல்லாக் கரண்டும் போனா இது என்னைக் கரைக்குக் கொண்டுவருமோ?" அவன் மேல கீழ பாத்தா, நீ தொப்பியைத் திருப்பிக் குடுத்துப்போட்டு வா. கப்பல் கவுண்டாலும் கன்னத்தில கை வைக்காத எண்டுவினம். கையில தண்ணி இறைக்கிற பட்டை இருக்கிறவன் ஏன் கன்னத்தில வைக்கிறான்?

சரி, பாக்கத்தான் போறாய் எண்டா, சொல்லாமல் கொள்ளாமல் விடியவே போ. இஞ்சினில கையை வை. சுட்டா, உனக்கு முன்னமே ஆரோ ஓட்டி வைச்சிருக்கிறான். ஏன் வைச்சான்? குளிர்ந்த இஞ்சின் கிளம்பாது எண்டு அவனுக்குத் தெரியும். ஒயில் குச்சியை இழுத்துப் பார். பால்தேத்தண்ணி நிறமெண்டா உள்ளுக்க தண்ணி. புகையைப் பார். நீலமெண்டா ஒயிலை எரிக்குது. கறுப்பெண்டா காத்துக் காணாது, இல்லாட்டி டீசல் கூடிப்போச்சு.

பிறகு ஏதாவது ஒரு வயரைப் பிடி. பற்றரியில இருந்து லைற் வரைக்கும் விரலாலயே நடந்து போ. பற்றரிக்குக் கிட்ட பியூஸ் இருக்கோ? வெள்ளீயம் பூசின செம்பு வயரோ, வீட்டுக்கு இழுக்கிற வயரோ? எங்கட உப்புக்காத்து வெறும் செம்பைப் பச்சையாக்கிப்போடும். முறுக்கி ரேப் சுத்தின மூட்டு ஒண்டு கண்டாலும் அதோட பேச்சை முடிச்சுக்கொள்.

போட்டைக் கரையில ஏத்தச் சொல்லு. அடியில துத்தநாகக் கட்டி பூட்டியிருக்கும். உப்புத்தண்ணி புறொப்பெல்லரைத் தின்னாமல் தன்னைத் தின்னக் குடுக்கிற பாவம் அது. புதுக் கட்டி கெதியாக் கரைஞ்சு கிடந்தா, உன்ர புது வயரிங் எங்கயோ கடலுக்குள்ள கரண்டைக் கசியவிடுதோ எண்டு பார். கட்டிக்கு மேல பெயின்ற் அடிச்சிருந்தா இன்னும் விசேசம். பெயின்ற் அடிச்ச கட்டி வேலை செய்யாது. வடிவு பாக்கிறவன்ர போட் அப்பிடித்தான்.

வாங்கி எங்க ஓடப்போறாய்? இராமேஸ்வரம் பக்கம் ஒரு சுத்தாமோ? 1914இல தொடங்கி 1964 மார்கழிப் புயல் வரைக்கும் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில கப்பல் ஓடினதுதான். அதை ஓட்டினவனுக்குப் பாதை தெரியும். அங்கால மணல்திட்டுப் பக்கம் ஒரு மீற்றர் தண்ணியும் இருக்கும், நாலு மீற்றரும் இருக்கும். திட்டு நேற்று இருந்த இடத்தில இண்டைக்கு இராது. அதோட 1974இலயும் 1976இலயும் கீறின கடல் எல்லையும் இருக்கு. நேவி மறிச்சா நீல லைற்றைப் போட்டுக் காட்டுவியோ? ஆழம் அறியாமல் காலை விடாத எண்டது பழமொழி. உன்ர போட் தண்ணிக்குள்ள அஞ்சடி காலை விடுமாம்.

செலவையும் பார் மோனே. 2022 ஆனியில டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனது மறந்துபோச்சோ? ஆவணியில மண்ணெண்ணெய் 87இல இருந்து 340க்குப் பாஞ்சது. சின்னப் போட்காரர் வலையை மடிச்சுக்கொண்டு கரையில குந்தியிருந்த காலம். நூறு குதிரைவலு இஞ்சின் முழு வேகத்தில மணிக்கு 20 லீற்றர் குடிக்கும். 460 விலையில அது 9200 ரூபா. ஒரு மணித்தியாலம் கடல்காத்து வாங்க 9200! பேசாலைக் கரையில அதே காத்து சும்மா அடிக்குது. ஆனை வாங்கக் காசிருந்தவனுக்கு அங்குசம் வாங்கக் காசில்லையாம், அந்தக் கதையாப் போகாத.

என்ர பேச்சுக் காதில ஏறாது எண்டு தெரியும். ஆசை வந்திட்டுது. அப்ப பேரம் பேசவாவது படி. போட்காரனிட்டப் போய்ச் சொல்லு: "அண்ணை, உங்கட பற்றரி, சோலார், ஏசி, கேத்தில், நீல லைற் எல்லாத்தையும் கழட்டி நீங்களே கொண்டுபோங்கோ. வெறும் போட் எனக்குக் காணும். என்ன விலை?" அப்ப அவன்ர வாயில வாறதுதான் போட்டின்ர விலை. விளம்பரத்தில போட்டது கேத்திலின்ர விலை. அவன் விலையே சொல்லாமல் முழிச்சா, அவனிட்ட விக்கிறதுக்குப் போட் இல்லை, லைற்றுத்தான் இருக்கு.

விலை சரிவந்தா வாங்கு. முதல் ஓட்டத்துக்கு என்னையும் கூப்பிடு, வாறன். தொப்பியை நீ போடு. பட்டையை நான் கொண்டுவாறன்.