385 பேர் கிடைத்துவிட்டார்கள்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த சில மாதங்களிலேயே இந்த வகை ஆய்வு மாணவரை அடையாளம் கண்டுகொள்ளலாம். ஆய்வின் கேள்வி முடிவாகியிருக்காது; கூகுள் படிவம் தயாராகியிருக்கும். பள்ளி வாட்ஸ்அப் குழு, கல்லூரிக் குழு, மைத்துனரின் கிரிக்கெட் குழு என்று அது வலம் வரும், ‘ரெண்டே நிமிஷம்தான்’ என்ற உறுதிமொழியோடும் மூன்று ஜோடிக் கூப்பிய கைகளோடும். தலைப்போ ‘தமிழக நுகர்வோர் மனப்பான்மை: ஓர் ஆய்வு’. 385 பேர் சேர்ந்ததும் களப்பணி முடிந்தது. எண்ணில் குற்றமில்லை. பெரிய மக்கள்தொகையில் ஒரு விகிதத்தை 95 சதவீத நம்பிக்கையோடு, 5 புள்ளி முன்பின்னாக மதிப்பிட அத்தனை பேர் போதும். ஆனால், அவர்கள் குலுக்கல் முறையில் தேர்வானவர்களாக இருக்க வேண்டும் என்பதும் அதே சூத்திரத்தின் நிபந்தனை. நம்மவர் எண்ணை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிடுவார்.

‘இன்னும் நிறையப் பேரிடம் வாங்கினால் சரியாகிவிடாதா?’ என்பார். ஆகாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை 20 லட்சத்துக்கும் மேலான விடைகளைத் திரட்டி, லாண்டன்தான் அதிபர் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். பத்திரிகை பெரும்பாலும் அணுகிய, டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்கள், அவர்களிலும் பதில் போட மெனக்கெட்டவர்கள், நாடாகிவிடவில்லை. ‘முழுப் பட்டியலுக்கு ஏழை மாணவன் எங்கே போவான்?’ என்றால் அது நியாயம்தான். பணமும் நாளும் இல்லாதது குற்றமல்ல. தலைப்பைச் சுருக்கக் காசு வேண்டாமே. ‘என் மைத்துனருக்குத் தெரிந்தவர்களின் மனப்பான்மை’ என்று வைத்தால் யார் தடுப்பார்கள்?

அடுத்தது எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள். கைடைப் போல அது கடிந்துகொள்ளாது. ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்று குறியிட்டால், சராசரிப் பாலினம் 1.43 என்று முகம் சுளிக்காமல் சொல்லும். அதுவும் ஆய்வேட்டில் அட்டவணையாக ஏறும். பி-மதிப்பு, அதாவது உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு வலுவான முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.05க்குக் கீழே இறங்கும்வரை வயது, வருமானம், வாகனம் என்று ராசி தவிர எல்லாவற்றையும் மோதவிடுவார். எந்தத் தொடர்புமே இல்லாத, ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளைச் செய்தாலும் ஒன்றாவது அப்படித் ‘தேற’ 64 சதவீத வாய்ப்பு உண்டு. தேறியது ஆய்வேட்டுக்குள் வரும், தேறாதவை பேச்சே இல்லாமல் மறையும். வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய வாரம்தான் புள்ளியியல் பேராசிரியரின் நினைவு வரும். அந்த 0.05ஐப் பழக்கத்துக்குக் கொண்டுவந்த ஃபிஷரே, சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரை அழைப்பது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனைக்கு அழைப்பதுதான் என்று 1938இல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் சொல்லியிருக்கிறார்.

இவருடைய படிவம் உங்களுக்கும் வரும். நிரப்புமுன், ‘இது யாரைப் பற்றிய ஆய்வு தம்பி?’ என்று ஒரு வரி கேட்டு அனுப்புங்கள்.