வத்தகப்பழத்தை வெட்டாதீர்கள்

முப்பரிமாணத்தில் ஒரு இருபடிச் சமன்பாட்டைக் கண்டதும் வயிற்றைக் கலக்குகிறதா? நல்ல அறிகுறி. அந்தக் கலக்கம் பட்டம் வாங்கும்வரை குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று படிப்படியாகச் சொல்லித்தருகிறேன். முக்கால்வாசியை நீங்கள் ஏற்கனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். ஒழுங்குபடுத்துவது மட்டுமே என் வேலை. சுன்னாகத்தில் இருப்பவர்களுக்குச் சில விசேட வசதிகள் உண்டு. அவற்றை வீணாக்கும் வழியும் கீழே இருக்கிறது.

1. பொதுச் சமன்பாட்டைக் கொப்பியின் முதற்பக்கத்தில் முழு நீளத்துக்கு எழுதுங்கள். அச்சுகளுக்கு ய, ர, ல என்று பெயர் வைத்துக்கொள்வோம். மூன்று வர்க்கம், மூன்று பெருக்கம், மூன்று ஒருபடி உறுப்பு, ஒரு மாறிலி: மொத்தம் 10 குணகங்கள். ஒவ்வொன்றின் கீழும் நிறப்பேனையால் கோடு கீறுங்கள். ஏதாவது ஒன்றால் முழுவதையும் வகுத்தால் 9தானே மிஞ்சும், அப்படியென்றால் பொதுவாக 9 புள்ளிகள் கொடுத்தாலே மேற்பரப்பு பிடிபட்டுவிடுமே என்று யோசனை ஓடினால், எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடியுங்கள்.

2. பெயர்களைப் பாடமாக்குங்கள். எலிப்சொயிட், ஒருதுண்டு ஹைப்பர்போலொயிட், இருதுண்டு ஹைப்பர்போலொயிட், நீள்வளையப் பரபோலொயிட், அதிபரவளைவுப் பரபோலொயிட். ஒய்லர் 1748இல் வெளியிட்ட நூலில் இந்த மேற்பரப்புகளை வகைப்படுத்தினார். எதை வைத்து வகைப்படுத்தினார் என்பது உங்களுக்கு வேண்டாத கதை. இது சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவரின் (1854–1922) ஊர். மனனம் நமக்கு மரபு. புலவர் மனனத்தோடு நில்லாமல் நூல்களும் எழுதினார் என்று யாராவது சொன்னால், அவர் தமிழ் படித்தவர், நாங்கள் கணிதம் என்று சொல்லிச் சமாளியுங்கள்.

3. சுன்னாகம் சந்தைக்குப் போனால் மரக்கறியை மட்டும் வாங்குங்கள். வத்தகப்பழக் குவியல் பக்கம் கண் போகக்கூடாது. தவறிப்போய் ஒன்றை வாங்கிவிட்டால், கத்தி வைக்காதீர்கள். இதுதான் இந்தக் கைந்நூலின் தலையாய விதி. ஒரு மேற்பரப்பைத் தளத்தால் வெட்டி, வெட்டுமுகத்தில் என்ன வளைகோடு வருகிறது என்று பார்ப்பவனுக்குப் பாடம் விளங்கிவிடும் அபாயம் உண்டு. எலிப்சொயிட்டை ஒரே திசையில் அடுக்கடுக்காகச் சீவினால் எல்லாத் துண்டுகளும் நீள்வளையங்கள். அதுவும் ஒன்றையொன்று ஒத்த வடிவம், பருமன்தான் வேறு.

இதைவிட மோசமான ஆபத்தும் இருக்கிறது. தோட்டத்து மண்ணில் கிடந்து ஒருபக்கம் தட்டையான பழத்துக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறு வேறு. நடுத்தர அச்சைப் பிடித்துக்கொண்டு கத்தியை மெல்லச் சரியுங்கள் (சும்மா சொல்கிறேன், செய்துவிடாதீர்கள்). வெட்டுமுகத்தின் ஓர் அரையச்சு மாறாமல் நிற்கும். மற்றது மிகச் சிறியதில் தொடங்கி மிகப் பெரியதுவரை வளரும். வளரும் வழியில் ஓரிடத்தில் அது நடுத்தர அச்சுக்குச் சமமாகியே தீரவேண்டும். அங்கே வெட்டுமுகம் வட்டம்! மறுபக்கம் சரித்தால் இன்னொரு வட்டம். மூன்று அச்சும் வேறான எந்த எலிப்சொயிட்டுக்குள்ளும் இப்படி இரண்டு திசைகளில் வட்டங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒரு சூத்திரமும் இல்லாமல் இது விளங்கிவிட்டதா? மறந்துவிடுங்கள். பழத்தை முழுதாகவே அயல்வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

4. மூன்று கொப்பி வாங்குங்கள். ய² + ர² − ல² = 1 என்பதற்கு ஒன்று, வலப்பக்கம் 0 வந்தால் ஒன்று, −1 வந்தால் ஒன்று. முதலாவது ஒருதுண்டு ஹைப்பர்போலொயிட், இரண்டாவது கூம்பு, மூன்றாவது இருதுண்டு. மூன்றுக்கும் வேறு வேறு நிறத்தில் உறை போடுங்கள். வலப்பக்க எண்ணை 1இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்தால் இடுப்பு ஒடுங்கி ஒடுங்கி, பூச்சியத்தில் ஒற்றைப் புள்ளியாகி, அதற்குக் கீழே அறுந்து இரண்டாகப் பிரியும். ஒரே குடும்பம்தான். ஆனால் ஒரே கொப்பியில் எழுதினால் அது உங்களுக்குத் தெரிந்துவிடும், கொப்பிக் கடைக்காரருக்கும் நட்டம்.

5. வளைந்த மேற்பரப்பில் நேர்கோடு இருக்க முடியாது என்று அடித்துச் சொல்லுங்கள். ஒருதுண்டு ஹைப்பர்போலொயிட் முழுக்க முழுக்க நேர்கோடுகளால் ஆனது என்று 1669இலேயே கிறிஸ்தோபர் ரென் காட்டிவிட்டார் என்றால், அவர் தேவாலயம் கட்டியவர், கணித ஆசிரியர் அல்லர் என்று வாதாடுங்கள். (அவர் வானியல் பேராசிரியராக இருந்தவர். அதைச் சொல்லாதீர்கள்.) ரஷ்யாவில் ஷூகோவ் 1896இல் நேரான இரும்புச் சட்டங்களை வைத்தே இடுப்பு ஒடுங்கிய கோபுரம் எழுப்பியதையும் புறக்கணியுங்கள். முக்கியமாக, முதற்கொப்பிச் சமன்பாட்டில் ர²-ஐ வலப்பக்கம் கொண்டுபோய் (ய − ல)(ய + ல) = (1 − ர)(1 + ர) என்று காரணிப்படுத்தாதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளையே செய்யும் வேலை அது. செய்தால் இரண்டு கூட்டம் நேர்கோடுகளும் வரிசையாக வந்து நிற்கும்.

6. கூரையில் பூட்டியிருக்கும் செய்மதி டிஷ்ஷை அண்ணாந்து பார்க்கும் சந்தர்ப்பம் வரும். மழைக்குப் படம் நின்றவுடன் அப்பா உங்களைத்தானே ஏற்றுவார். ஏறியபின் கவனியுங்கள்: தட்டு சரியான வட்டமாக இருக்காது, அகலத்தைவிட உயரம் சற்றுக் கூட. அலையை வாங்கும் தலையும் நடுவில் இல்லை, கீழிருந்து நீளும் கையின் நுனியில் இருக்கும். உடனே “பூட்டின பெடியன் தட்டை நெளிச்சுப்போட்டான்” என்று கீழே கத்துங்கள்.

அது பெரிய பரபோலொயிட் ஒன்றின் பக்கவாட்டிலிருந்து சாய்தளத்தால் வெட்டி எடுத்த துண்டு என்று யோசிக்காதீர்கள். யோசித்தால் ல = ய² + ர² என்பதை ல = 2ய + 3 என்ற தளத்தால் வெட்டிப் பார்க்கத் தோன்றும். வர்க்கப்பூர்த்தி செய்தால் (ய − 1)² + ர² = 4. அச்சின் வழியே பார்க்கிறவருக்கு விளிம்பு ஆரை 2 கொண்ட வட்டம். தட்டிலோ அது நீள்வளையம். அதாவது உங்கள் வீட்டு டிஷ் செய்மதிக்கு வட்டமாகத்தான் தெரிகிறது. இந்த அழகை அறியாமலே கீழே இறங்குங்கள், ஏணி கவனம்.

7. ல = யர என்று வந்தால் புதிய இனம் கண்டுபிடித்ததாகக் கொண்டாடுங்கள். அச்சுகளை 45 பாகை திருப்பினால் பெருக்கம் மறைந்து இரு வர்க்கங்களின் வித்தியாசமாகிவிடும், அது ஏற்கனவே பாடமாக்கிய அதிபரவளைவுப் பரபோலொயிட் என்ற குதிரைச்சேணம்தான் என்பதை யாரும் சொல்லவேண்டாம். சமச்சீர்த் தாயம், ஐகன் பெறுமானம் எல்லாம் வேறு பாடம், வேறு விரிவுரையாளர், வேறு நாள். அச்சை எப்படித் திருப்பினாலும் வர்க்கங்களின் சக, சய எண்ணிக்கை மாறாது என்று சில்வெஸ்டர் 1852இல் நிறுவியது அந்த மற்ற நாளுக்கு உரியது. இரண்டு நாட்களையும் சந்திக்க விடாதீர்கள்.

8. நண்பர்களோடு கந்தரோடைக்குச் சைக்கிளில் போங்கள், கிட்டத்தான். சின்னச் சின்ன அரைக்கோளத் தூபிகள் வரிசையாக இருக்கும். போல் பீரிஸ் நூறு வருடத்துக்கு முன் அங்கே அகழ்ந்தார். கட்டியது யார் என்று இரண்டு மணித்தியாலம் சண்டை பிடியுங்கள். கோளத்தை எந்தத் தளம் எப்படி வெட்டினாலும் ஏன் வட்டமே வருகிறது என்று கேட்பவரை அடுத்தமுறை கூட்டிப் போகாதீர்கள்.

9. ஊர்ப்பெருமை பேசுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த செ. சுந்தரலிங்கம் பக்கத்து உரும்பிராயார். இதைச் சொன்னால் நீங்கள் கணக்குச் செய்யத் தேவையில்லை.

10. சோதினை. ய² + ர² + ல² + 2ய + 4ர + 6ல + 20 = 0 என்ன மேற்பரப்பு என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று வர்க்கத்துக்கும் ஒரே குணகம், ஆகவே கோளம். நேரத்தை வீணாக்காமல் முதல் வரியிலேயே எழுதுங்கள். வர்க்கப்பூர்த்தி செய்யச் சொல்லி மனம் அரித்தால் செய்யுங்கள்: (ய + 1)² + (ர + 2)² + (ல + 3)² = −6. வலப்பக்கத்தில் சய அடையாளம் நிற்கிறது. மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகை சய ஆக வராதே என்று பேனையைக் கீழே வைத்துவிடாதீர்கள். அது வினாத்தாள் அச்சடித்தவரின் பிழை. பெருந்தன்மையோடு திருத்துங்கள். ஆரை √6 என்று எழுதுங்கள். ஒரு புள்ளிகூட இல்லாத அந்த மேற்பரப்பை அரைப்பக்க அளவில் வட்டாரியால் கீறி, நடுவிலே புள்ளிக்கோட்டால் இடுப்புவட்டம் போட்டு, இடப்பக்கம் பென்சிலால் நிழலும் தீட்டிவிடுங்கள். படத்துக்குத் தனிப் புள்ளி உண்டு.